ட்ரவுட்டின் சாப்பாடு கல்லுக்கு அடியில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலும் அலைக்கரையிலும் ஷாட் மீனுக்குத் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள், மலை நதிக்கு வர ஆசைப்படும்போது என்னிடம் முதலில் கேட்பது எந்த ஃப்ளை (இறகும் உரோமமும் கட்டிப் பூச்சி போலச் செய்த தூண்டில் முள்) நல்லது என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றே: ஃப்ளையைப் பிறகு பார்ப்போம், முதலில் நதியில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டுங்கள்.

ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைச் சொன்னதும், அது நீருக்கு மேலே துள்ளிப் பூச்சியைப் பிடிக்கும் காட்சிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அது நடக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் அது நாளில் கொஞ்ச நேரம்தான். மேஃப்ளை என்ற பூச்சி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கு அடியில் கழித்துவிட்டு, சிறகு முளைத்தபின் ஓரிரு நாள் மட்டுமே உயிரோடு இருக்கிறது. ட்ரவுட்டுக்கு ஆண்டு முழுவதும் வயிறு இருக்கிறது. ஆகவே அது அடியில் ஊர்ந்து திரியும் லார்வாக்களை, அதாவது பூச்சிகளின் இளம்புழுக்களை, தின்றே வளர்கிறது. அந்த லார்வாவைப் போலச் செய்து, அந்த ஆழத்தில், அந்த வேகத்தில் மிதக்க விடுவதுதான் இந்தக் கலை முழுவதும்.

நான் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். வீடு சாட்ஸ்வர்த்தில். என் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் கடல் மீன்காரர்கள். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து முதல் கூலியாட்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவர்களில் சிலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பாமல் டர்பன் வளைகுடாவில் வலை இழுத்துப் பிழைத்தார்கள். அந்த வழி வந்த எங்களுக்கு மலை நதி அன்னியம்தான். பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் நீங்கியது. டிராக்கென்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக்குத் தூண்டிலோடு போகலாம் என்ற எண்ணமே என் அப்பாவுக்கு வந்ததில்லை.

மீனும் இந்த மண்ணுக்கு வந்தேறிதான். 1890இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, ஜான் கிளார்க் பார்க்கர் என்பவர் பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை மூய், புஷ்மன்ஸ், உம்கேனி நதிகளில் விட்டார். ரெயின்போ ட்ரவுட் சில ஆண்டுகள் கழித்து இந்த நாட்டுக்கு வந்தது. மூய் நதியில் இன்றும் தானாக இனப்பெருக்கம் செய்து வாழ்வது பிரவுன்தான். டர்பனிலிருந்து ஹோவிக், ரோசெட்டா வழியாகக் காம்பெர்க் பள்ளத்தாக்குக்குப் போனால் அந்த நதியின் மேல்பகுதி கிடைக்கும். இரண்டரை மணி நேரப் பயணம், விடியுமுன் கிளம்பினால் நல்லது.

கல்லைப் புரட்டும் பழக்கம் எனக்குப் புரட்டாசியால் வந்தது. எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலில் ஆற்று ட்ரவுட் பருவம் செப்டம்பர் முதல் தேதி தொடங்கி மே கடைசியில் முடிகிறது. நீர் தெளிந்து, குறைந்து, குளிர்ந்து ஓடும் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதலும்தான் லார்வா ஃப்ளைக்கு மிக நல்ல நேரம். அதே நாட்களில்தான் புரட்டாசி விரதம். எங்கள் வீட்டில் அந்த மாதம் கவுச்சி அடுப்பேறாது. மீனைப் பிடித்துத் திரும்ப விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். விரதத்தில் ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்த எனக்கு மனம் வருவதில்லை. அதனால் புரட்டாசியில் நதிக்குப் போவேன், ராடு வீட்டில் இருக்கும். கையில் ஒரு சமையல் சல்லடை, ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடி, சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. இவ்வளவுதான். இன்று எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த விரத மாதங்களில் கற்றது.

செய்யும் முறை எளிது. நீர் முழங்கால் ஆழத்தில் கற்கள் மேல் சலசலத்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சல்லடையை ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்து, அதற்கு மேல்பக்கம் உள்ள கற்களைக் காலால் மெல்லக் கிளறுங்கள். சல்லடையில் சேர்வதை வெள்ளை மூடியில் கொஞ்சம் நீரோடு கவிழ்த்தால் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். பிறகு ஒரு கல்லை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். பார்த்து முடித்ததும் எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அதே பக்கம் கீழே வருமாறு வைத்துவிட வேண்டும். அதன் கீழே ஒரு குடியிருப்பு இருக்கிறது.

மூடியில் மிக வேகமாக நெளிந்து நீந்துவது மேஃப்ளை நிம்ஃப், அதாவது மேஃப்ளையின் லார்வா. மெலிந்த உடல், வாலில் மெல்லிய இழைகள், பழுப்பு அல்லது பாசிப் பச்சை. சிறகு முளைக்கும் தறுவாயில் இருந்தால் முதுகில் இரண்டு கருத்த திட்டுகள் தெரியும். கல்லின் அடியில் நூலாம்படை மாதிரி சின்ன வலை கட்டி, அதில் சிக்கும் துணுக்குகளைத் தின்று வாழ்வது காடிஸ் என்ற பூச்சியின் லார்வாவில் ஒரு வகை. தலையும் மார்பும் கரும்பழுப்பு, வயிறு பாலேடு நிறத்திலிருந்து மங்கிய பச்சை வரை. விரலில் எடுத்தால் வளைந்து கொள்ளும். இன்னொரு வகைக் காடிஸ் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதைச் சுமந்தே திரியும். நீர் வேகமாகப் பாயும் வழுவழுப்பான பாறை முகத்தில் கூட்டமாக ஒட்டி நிற்கும் கருஞ்சிறு புழுக்கள் கருப்பு ஈயின் லார்வா. அடிப்பகுதி பெருத்திருக்கும், பட்டு இழையால் பாறையைப் பிடித்துக்கொள்ளும். வண்டல் படிந்த ஓரத்தில் சிவப்பாக நெளிவது மிட்ஜ் என்ற சிறு பூச்சியின் லார்வா. அதன் உடலில் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைப்பது அதனால்தான்.

இதே உயிரினங்களை எண்ணிப் பார்த்து நதியின் சுத்தத்தை அளக்கும் மினிசாஸ் என்ற எளிய முறை இந்த நாட்டில் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். கல் ஈ என்ற ஸ்டோன்ஃப்ளையின் லார்வா கிடைத்தால் அந்த நீர் நல்ல நீர். மீன் பிடிக்க விரும்பாதவர்கள்கூட ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம்.

கல்லைப் பார்த்தபின் மூன்று கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: எது அதிகம், எவ்வளவு நீளம், என்ன நிறம். நிறத்தை நனைந்த நிலையில் பார்க்க வேண்டும். ஃப்ளை கட்டும் உரோமத்தையும் நனைத்தே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஈரத்தில் எல்லா உரோமமும் ஒரு படி கருக்கும். நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பழகாத கண் லார்வாவை எப்போதும் பெரிதாகவே நினைவு வைத்துக்கொள்கிறது. அளவுகோல் வைத்துப் பாருங்கள். இங்குள்ள மேஃப்ளைகளில் பல 6, 7 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. முள்ளின் எண் கூடக் கூட முள் சிறியது. ஆகவே மேஃப்ளைக்கு 16, காடிஸுக்கு 14, கருப்பு ஈ லார்வாவுக்கு 18 என்று தொடங்கலாம்.

கட்டும் வேலைக்கு வருகிறேன். இதில் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. இங்கிலாந்தில் ஏவன் நதியின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் கோழியின் வால் இறகையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் வைத்து ஒரு நிம்ஃப் கட்டினார். நூலே கிடையாது. கம்பிதான் நூல், கம்பிதான் எடை. உலகத்தில் எந்த ட்ரவுட் நதிக்கும் அது ஏற்றது. அவர் பயன்படுத்திய மாதிரிக் கம்பி என் பட்டறையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. 0.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பி போதும். எனாமலின் சாயல் வெளிர் பொன்னிலிருந்து செம்பழுப்பு வரை இருக்கும். மேஃப்ளைக்குச் செம்பழுப்பையே எடுப்பேன். எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த கம்பி வேண்டாம். சூட்டில் எனாமல் கருகி, கம்பி இளகிப் போயிருக்கும். ஒருமுறை மடங்கிய இடத்தில் கம்பி மறுமுறை இழுக்கும்போது அறுந்துவிடும், வைண்டிங் செய்கிறவர்களுக்கு இது தெரியும். மடிப்பு விழுந்த துண்டை அப்போதே வெட்டி எறியுங்கள்.

முள்ளைப் பிடித்து நிறுத்தும் வைஸில் அதைப் பொருத்துமுன், முள்நுனியருகே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். மீனை விடுவிப்பது எளிது, நம் விரலில் ஏறினாலும் எளிது. கட்டி முடித்தபின் நசுக்கினால் சில நேரம் முள் முறியும், கட்டிய உழைப்பும் போகும். பிறகு கம்பியை ஒன்றோடொன்று உரசும்படி முள்தண்டில் சுற்றி, மார்பு வரும் இடத்தில் இரண்டடுக்காகச் சுற்றிச் சின்ன மேடு எழுப்புங்கள். வால் இறகில் நான்கு இழைகளை ஒன்றாகப் பிடித்து, நுனிகள் வாலாக நீட்டிக்கொண்டிருக்குமாறு கட்டி, அந்த இழைகளைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்ற வேண்டும். முறுக்கினால்தான் மீனின் பல்லில் பட்டு அறுபடாது. மார்பு மேட்டின் மேல் இழைகளை முன்னும் பின்னும் மடித்துக் கட்டினால் சிறகுத் திட்டு வந்துவிடும். அவ்வளவுதான் நிம்ஃப். கால் வேண்டாம், கண் வேண்டாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் இழையைக் கூட்டிக் கூட்டிப் பருமனாக்கிவிடுகிறார்கள். பருத்த ஃப்ளை மெல்ல மூழ்கும், நதியில் அந்தப் பருமனில் நிம்ஃபும் கிடையாது. சந்தேகம் வந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.

காடிஸ் லார்வாவுக்கு வளைந்த முள் வேண்டும். 0.4 மில்லிமீட்டர் ஈயக் கம்பியை நடுப்பகுதியில் மட்டும் சுற்றி, இடுக்கியால் பக்கவாட்டில் லேசாக அழுத்துவேன். நூலைப் பிடித்து, ஃப்ரீசர் பையிலிருந்து வெட்டிய 3 மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக் பட்டையையும் மெல்லிய கம்பியையும் வளைவின் உள்ளே வரை கொண்டுபோய்க் கட்டுகிறேன். முயல் காது உரோமத்தில் கொஞ்சம் பாலேடு நிறக் கம்பளி கலந்து, நூலில் மெலிதாகத் திரித்து, மூன்றில் இரண்டு பங்கு சுற்ற வேண்டும். மீதி ஒரு பங்குக்குக் கரும்பழுப்பு உரோமம். பட்டையை முதுகின் மேல் இழுத்து முன்னால் கட்டி, கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினால் உடலில் கணுக்கள் எழும். முடிச்சின் மேல் ஒரு சொட்டு நிறமற்ற நெயில் பாலிஷ். காய்ந்ததும் வெல்க்ரோ துண்டால் வயிற்றுப் பக்கம் மட்டும் தேய்த்து உரோமத்தை இழுத்து விடுங்கள். நீரில் அந்தக் கரும்பழுப்பு மயிர்கள் காலாக அசையும்.

சின்ன ஃப்ளைகளுக்குக் கணு சுற்றப் பழைய பட்டுப் புடவை ஜரிகையில் ஓர் இழை நன்றாக இருக்கிறது. தையல் கடையில் வெட்டிப் போட்ட ஓரங்களே போதும். மயிலிறகு இழையும் பல ஃப்ளைகளுக்கு வேண்டியிருக்கும். தைப்பூசம் முடிந்ததும் காவடியில் இருந்த பீலியைச் சிலர் எனக்குத் தர வந்திருக்கிறார்கள். முருகனுக்குப் போனதை நான் தூண்டில் முள்ளில் கட்டுவதில்லை, கடையில் தனியாக வாங்குகிறேன்.

எடை பற்றிச் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆழமும் வேகமும் உள்ள இடத்துக்கு டங்ஸ்டன் மணி கோத்த ஃப்ளை தேவை. ஒரே அளவு மணியில் டங்ஸ்டன் பித்தளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. விலை அதிகம்தான். ஆனால் அடிக்குப் போகாத ஃப்ளை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும் பயனில்லை, இது என் உறுதியான கருத்து. ஒரே ஃப்ளையை மூன்று எடைகளில் கட்டி வைப்பது, பன்னிரண்டு விதமான ஃப்ளைகளை ஒரே எடையில் வைத்திருப்பதைவிட மேல். எடை மாறியது தெரியத் தலைப்பக்க நூலின் நிறத்தை மாற்றிக் கட்டுங்கள்.

என் தம்பி மகன் அலைக்கரையில் நல்ல கைகாரன். அவனை முதன்முதலில் காம்பெர்க்குக்கு அழைத்துப் போனபோது கடல் கை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்தேன். ஷாட் பாய்ந்து அடிக்கும், கை அதிரும், இழுப்போம். ட்ரவுட் லார்வாவை அடிப்பதில்லை. நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சுகிறது. அது கம்பியும் உரோமமும் என்று உணர்ந்ததும் துப்பிவிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். கைக்கு எதுவும் வராது, கண்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் ஒரு வளைவுக்குக் கீழே மண்டியிட்டிருந்தோம். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி அணுகினால் நம்மைப் பார்ப்பது குறைவு. அவன் எறிந்த ஆரஞ்சுக் கம்பளித் தக்கை எங்களை நோக்கி மிதந்து வந்தது, ஓரிடத்தில் தயங்கியது, மறுபடி வந்தது.

"கல்லில் தட்டியது பெரியப்பா" என்றான்.

"கல்லாகவே இருக்கட்டும், ராடைத் தூக்கு" என்றேன்.

அடுத்த எறிதலில் அதே இடத்தில் தக்கை நின்றது. தூக்கினான். நீருக்கடியில் மஞ்சளாக ஒரு புரளல் தெரிந்தது. கைவலையில் வந்தது ஒரு சாணுக்குச் சற்று அதிகமான பிரவுன். விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் வளையம். காடிஸ் ஃப்ளை மேல் உதட்டின் ஓரத்தில் இருந்தது. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுத்தோம். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும், அந்தப் படலம்தான் அதற்கு நோய்த் தடுப்பு.

தக்கை நின்றால் தூக்கு, நகர்ந்தால் தூக்கு, காரணமே இல்லாமல் சந்தேகம் வந்தாலும் தூக்கு. பாதி கல்லாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

தக்கையைக் கட்டும் உயரம் நீரின் ஆழத்தில் ஒன்றரை மடங்கு. மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடுகிறது. தக்கை மேல்நீரின் வேகத்தில் போனால் அது ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகும். எந்த லார்வாவும் அப்படிப் பாய்ந்து போவதில்லை. தக்கையைச் சுற்றிய நுரைக்குமிழிகளைப் பாருங்கள். தக்கை குமிழிகளைவிடக் கொஞ்சம் மெதுவாக வந்தால் ஃப்ளை அடியில் இருக்கிறது. அருகில் உள்ள ஓட்டத்துக்குத் தக்கையே வேண்டாம். ராடை உயர்த்தி, கனமான நூல் நீரில் படாமல், அதன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழையான டிப்பெட்டை மட்டும் இறக்கி, ஓட்டத்தோடு ராடு நுனியை நகர்த்திக்கொண்டு போனால் போதும். டிப்பெட் மெலிதாக இருக்க வேண்டும், 5எக்ஸ் அல்லது அதைவிட மெலிது. தடித்த நூலை நீர் பிடித்துத் தள்ளும், ஃப்ளை மூழ்காது.

அணைக்கட்டு நீரில் கதை வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நதி மூடியிருக்கும்போது அங்குதான் போகிறோம். வளர்த்து விடப்பட்ட ரெயின்போவை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதியுள்ள இடங்களும் உண்டு. அப்படி வந்த மீனைக் குழம்புக்கு அரியும்போது என் மனைவி வயிற்றுப் பையை எனக்காகத் தனியே வைத்துவிடுவாள். வெள்ளைத் தட்டில் நீர் விட்டுத் திறந்தால் அன்றைய பாடம் முழுவதும் அதில் இருக்கும்: தும்பியின் தடித்த இளம்புழுக்கள், ஊசித்தும்பியின் மெலிந்த பச்சைப் புழுக்கள், சிவப்பு மிட்ஜ். தும்பிப் புழு பின்பக்கம் நீரைப் பீச்சி விட்டு விட்டுப் பாய்கிறது, ஆகவே அந்த ஃப்ளையை அடியில் இறக்கிச் சின்னச் சின்ன இழுப்பாக இழுக்க வேண்டும். நட்டாலில் லயனல் வாக்கர் உருவாக்கிய வாக்கர்ஸ் கில்லர் இந்த வேலைக்கு இன்றும் நிற்கிறது. ஊசித்தும்பிப் புழு உடலை நெளித்து நாணல் பக்கமாக நீந்தும். அதற்கு ஹியூ ஹண்ட்லியின் சிவப்புக் கண் ஃப்ளையை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இழுப்பேன். சிவப்பு மிட்ஜுக்கு 16 முள்ளில் சிவப்பு நூல், மேலே மெல்லிய கம்பி, வேறு எதுவும் வேண்டாம். அதைத் தக்கைக்குக் கீழே அசையாமல் தொங்கவிட்டு, காற்று எழுப்பும் சிற்றலை ஆட்ட விடுவதே போதும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது கடினம்.

கோடையில் இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிற்பகலில் மலைக்குப் பின்னால் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விட வேண்டும். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். நாள் முழுவதும் மின்சாரத்தோடு வேலை செய்கிறவன் சொல்கிறேன். அடுத்தது நீரின் சூடு. சட்டைப் பையில் வெப்பமானி இருக்கட்டும். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் ட்ரவுட்டுக்கு மூச்சுத் திணறும், பிடித்து விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அந்த நாட்களில் நாங்கள் மலையை விட்டு இறங்கி, உம்கோமாஸ் போன்ற நதிகளின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகிறோம். அங்கே ஸ்கேலி என்ற நாட்டு மீன் இருக்கிறது. இந்த மண்ணுக்கே உரியது, சூட்டைத் தாங்குகிறது, கீழ்நோக்கிய வாயால் கல்லை நெருடித் தின்கிறது. ட்ரவுட்டுக்குக் கட்டிய அதே காடிஸ் அதற்கும் போதும். முள்ளை 12 ஆக்கி, டிப்பெட்டைச் சற்றுத் தடித்த 4எக்ஸாகப் போடுங்கள். ட்ரவுட்டைவிட அது வலுவாக இழுக்கும், முதல் ஓட்டத்தில் நூலை இறுக்கிப் பிடிக்காமல் ரீலைச் சுற்ற விடுங்கள்.